பிச்சைக்காரரும் வாங்காத காசு

எனக்குக் கேட்க வராது. ஊமை இல்லை. ஒருவர் முகத்தைப் பார்த்து, எனக்கு இது வேண்டும் என்று சொல்ல வராது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவனுக்குப் பஸ் கண்டக்டர் வேலை வாய்த்தது. எட்டாவது வரை படித்திருந்தேன், கணக்குப் போடுவேன் என்று கொடுத்தார்கள். புதுக்கோட்டையில் புறப்பட்டு, நார்த்தாமலை விலக்கு, கீரனூர் வழியாகக் குன்றாண்டார்கோவில் போய்த் திரும்புகிற வண்டி. காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை.

எங்கள் டிரைவர் சொல்லுவார்: "யோவ், நீ பலகையத் தட்டுறதே மன்னிப்புக் கேக்குற மாதிரி இருக்குய்யா. வண்டிய நிப்பாட்டவா, இல்ல ஒனக்கு ஆறுதல் சொல்லவா?"

நான் வாய் திறக்காதவன் என்று தெரிந்ததும் அந்தப் பாதையில் இருந்த கெட்ட காசெல்லாம் என் பைக்கு வந்து சேர்ந்தது. அப்போது எங்கள் சமஸ்தானத்துக்கு என்று தனியாக அம்மன் காசு இருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. செம்பு. ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கெழுத்து. இருபது காசு சேர்ந்தால் ஓரணா. குழந்தையின் அரைஞாணில் கட்டுவதற்காகத் துளை போட்டது, ஓரத்தை வெட்டி எடுத்தது, அம்மன் முகம் வழித்துவிட்டது போலத் தேய்ந்தது, ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, எல்லாவற்றையும் டிக்கெட்டுக்குத் தருகிற நல்ல காசுக்கு நடுவில் சொருகிக் கொடுப்பார்கள். "இது செல்லாதுங்க" என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கம்பெனி ஆபீசில் அந்தக் காசை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் என் கையிலிருந்து நல்ல காசு வைத்துவிட்டு, கெட்டதை வீட்டுக்குக் கொண்டுபோவேன். இன்னொருவர் தலையில் கட்டவும் மனம் வரவில்லை. ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தேன்.

"அது என்னங்க, மேல என்னமோ குலுங்குது?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள்.

"கம்பெனிச் சாமான்" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பேசினால் போதும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கீரனூரில் ஓர் ஓவர்சியர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். மாதத்தில் மூன்று நாலு நாள் எங்கள் வண்டியில் ஏறுவார். ஒருநாள் நான் ஒரு கிழவியிடம் வாங்கிய துளைக் காசைப் பையில் போடாமல் விரலிடுக்கில் வைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்தே இழுத்துவிட்டார்.

"கண்டக்டர், இத எங்க பிடிச்சீங்க?"

"செல்லாதுங்க சார். ஆபீசுல..."

"செல்லாதுன்னு யார் சொன்னா? இங்க பாருங்க, அம்மன் தோளுக்கு மேல. கோடு மாதிரி."

பார்த்தேன். நகக்கண் அளவுக்கு ஒரு பிறை.

அவர் அதைப் பற்றி வண்டி குன்றாண்டார்கோவில் போய்ச் சேருகிறவரைக்கும் பேசினார். இப்போது கைக்குக் கை நடமாடுகிற காசெல்லாம் இயந்திரத்தில் அடித்தது, ஒன்றுபோல இருக்கும். அதற்கு முந்தியது கையால் அடித்தது, ஒன்றுக்கொன்று ஒத்து இருக்காது. அதிலும் பிறை உள்ளது அபூர்வம், அவரே இரண்டுதான் பார்த்திருக்கிறார்.

"முழுசா, நல்லதா ஒண்ணு கெடைச்சா அது ஜமீன்தாருங்களுக்குத்தான் கட்டும். என்னை மாதிரி சம்பளக்காரனுக்கு நொண்டி, முடம், காது அறுந்ததுதான் கொடுப்பினை. ஓட்டையா, வெட்டா, தேய்மானமா, எதுவா இருந்தாலும் கொண்டாங்க. நான் வாங்கிக்கறேன். ஒண்ணே ஒண்ணு. கழுவாதீங்க. தொடைக்காதீங்க. அந்தப் பச்சையும் கறுப்பும் அப்படியே இருக்கணும். அதுதான் அதோட தோல். ஓட்டைக் காசை வாங்குவேன், தேய்ச்சு வெளுத்த காசைத் தொடமாட்டேன்."

அந்தத் துளைக் காசை அவரிடமே கொடுத்தேன். கால் ரூபாய் கொடுத்தார். எனக்கு நாலு நாள் தூக்கம் சரியாக இல்லை. காலணாவுக்குப் பெறாது என்று ஊரே என் தலையில் கட்டிய சாமானுக்கும் விலை வர, பார்க்கத் தெரிந்த ஒரு கண் இருந்தால் போதும் போல என்று தோன்றியது. டப்பாவை இறக்கி, வீட்டில் அவள் இல்லாத நேரத்தில், வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருநூறு காசில் இன்னொரு பிறை இருந்தது. ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அதை ஓவர்சியரிடம் கொடுக்கவில்லை. வைத்துக்கொண்டேன்.

அன்றுமுதல் நானே கெட்ட காசைத் தேட ஆரம்பித்தேன்.

சண்டைக் காலம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் வண்டிக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு கரியடுப்பைக் கட்டி, அந்தக் கரி வாயுவில் ஓட்டினார்கள். நார்த்தாமலை விலக்கில் வண்டி கால்மணி நேரமாவது நிற்கும். டிரைவர் இறங்கி, சாம்பலைக் கிளறி, கரி போட்டு, விசிறியைச் சுற்ற வேண்டும். சாலையோரப் புளியமரத்தடியில் சில்லறை மாற்றுகிற அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள், வரிசையில் இருக்கிற பிச்சைக்காரர்களுக்குப் போட அவளிடம் காசு மாற்றிக்கொள்வார்கள். ஓரணா கொடுத்தால் பத்தொன்பது காசு தருவாள். ஒன்று அவள் கூலி. பிச்சைக்காரர்கள் சாயங்காலம் அந்தக் காசையே அவளிடம் கொண்டுவந்து அணாவாக மாற்றுவார்கள். கெட்ட காசு வந்தால் அவர்களும் வாங்க மாட்டார்கள். அப்படி ஒதுக்கியதெல்லாம் அவளிடம் ஒரு தனி முடிச்சில் இருந்தது.

நான் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு இரண்டு வாரம் நின்றேன். மூன்றாவது வாரம் அவளே கேட்டாள்.

"என்னா கண்டைட்டரு, என்னையப் பாக்குறியா, முடிச்சப் பாக்குறியா?"

"அந்தக் கெட்ட காசு..."

"ஆமா, இருக்கு. பிச்சைக்காரனே இதத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சுட்டுப் போறான். நீ காசு குடுத்து வாங்கப் போறியாக்கும்?"

தலையை ஆட்டினேன்.

"ஆத்தாடி! சரி, ரெண்டு கெட்டதுக்கு ஒரு நல்ல காசு. என்னா?"

மறுபடியும் தலையை ஆட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணுக்கு ஒண்ணு தான்னு கேளேய்யா! கேட்டாத்தான நான் மாட்டேன்னு சொல்ல முடியும்? இப்புடி நின்னா நான் யாருகூட சண்டை போடுறது?"

கடைசியில் அவளே எனக்காகப் பேரம் பேசி, மூன்றுக்கு ஒன்று என்று முடித்தாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் முடிச்சை எனக்கென்று வைத்திருப்பாள். செம்பு விலை ஏற ஏற, நல்ல காசெல்லாம் உருக்குகிறவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. கெட்டதும் அந்தப் பக்கம் போகத் தொடங்கியது. அவள் மட்டும் "நம்ம கண்டைட்டருக்கு" என்று எடுத்து வைத்தாள். மூன்று வருஷத்தில் என்னிடம் ஐந்து பிறைக் காசு சேர்ந்தது. இரண்டில் துளை. ஒன்று ஓரம் வெட்டியது. ஒன்றில் அம்மன் முகமே இல்லை, பிறை மட்டும் இருந்தது. ஒன்று லேசாக வளைந்தது. அவற்றோடு கையால் அடித்த பழைய காசு நாற்பதுக்கு மேல்.

ஓவர்சியரிடம் ஒருமுறை ஒரு துணியில் முடிந்து கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கண்டக்டர், மொத்தத்துக்கும் அம்பது ரூபா. எப்ப கொடுக்கத் தோணுதோ அப்பக் கொண்டாங்க. வேற யார்கிட்டயும் போகக் கூடாது" என்றார். எனக்கு அப்போது கொடுக்கத் தோன்றவில்லை. ஊரில் யாரிடமும் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு பிடித்திருந்தது. துணியைத் திரும்பவும் டப்பாவில் போட்டேன்.

அந்த வருஷம் ஆடியில் என் மனைவிக்கு அடிவயிற்றில் வலி வந்தது. முதலில் சீரகத்தண்ணீர் குடித்தாள். பிறகு படுத்துக்கொண்டே சமையலுக்குக் காய் நறுக்கினாள். கையை வைத்துப் பார்த்தால் கட்டி மாதிரி தட்டுப்பட்டது. ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, திருச்சிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வாரமே" என்றார்.

பணம் வேண்டும். கம்பெனி முதலாளியிடம் முன்பணம் கேட்கலாம். அவளுடைய அண்ணனிடம் கேட்கலாம். முதலாளி அறை வாசல்வரை போய், அவர் நிமிர்ந்து பார்த்ததும், டிக்கெட் கட்டு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போதுதான் டப்பா நினைவுக்கு வந்தது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. ஓவர்சியர் விலை சொல்லிவிட்டார். நான் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கொண்டுபோய் நீட்டினால் போதும்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன்.

"பரண்ல இருக்குறது கம்பெனிச் சாமான் இல்ல. காசு. பழைய காசு. கீரனூரு ஓவர்சியரு அம்பது ரூவாய்க்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழமை கொண்டுபோய்க் குடுத்துட்டா, திங்கக்கிழமை திருச்சிக்குப் போயிரலாம்."

"செல்லாத காசுக்கா அம்பது ரூவா?"

"ஆமா."

"எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும்."

அவள் சிரித்தாள். வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "நானு நீங்க என்னமோ சரக்குப் போத்தல ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னுல நெனைச்சுக்கிட்டிருந்தேன்."

அன்று இன்னும் ஒரு வாக்கியம் நான் பேசியிருக்க வேண்டும். தொடாதே, அழுக்கு அப்படியே இருக்கட்டும் என்று. அவள் சிரித்ததில் எனக்கு வெட்கம் வந்து, சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வண்டியை விட்டு வீட்டுக்கு வந்தேன். வாசல் தெளித்திருந்தது. விளக்கு ஏற்றியிருந்தாள். அவள் எழுந்து நடமாடிப் பத்து நாள் ஆகியிருந்ததால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே போனால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் முறம். முறத்தில் வெள்ளைத் துணி. துணியில் என் காசுகள்.

விளக்கு வெளிச்சத்தில் அத்தனையும் எரிந்தன. புதிதாக அடித்த செம்புக் குடத்தின் நிறம். ஒரு புள்ளி பச்சை இல்லை, ஒரு கீற்றுக் கறுப்பு இல்லை.

"பக்கத்து வீட்டுப் பொண்ண விட்டு இறக்கச் சொன்னேன்" என்றாள். "தொறந்து பாத்தா ஆத்தா மொகமே தெரியல, அம்புட்டுக் களிம்பு. வெள்ளிக்கெழமையும் அதுவுமா மனசு கேக்கல. விக்கிற சாமான் அழுக்கா இருந்தா எவன் வாங்குவான்? புளியும் உப்பும் போட்டு ஊற வச்சுத் தேச்சேன். பெறகு சாம்பல். காலையிலருந்து இதே வேலைதான். நடுவுல ரெண்டு தடவ படுத்துக்கிட்டேன்."

கையை நீட்டிக் காட்டினாள். விரல்நுனியெல்லாம் புளித்தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. கட்டைவிரலில் ஒரு காசின் ஓரம் கீறி ரத்தக் கோடு.

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் செம்பும் பித்தளையும் புளி போட்டுத்தான் துலக்குவார்கள். விளக்கைத் துலக்காமல் ஏற்ற மாட்டார்கள். அம்மன் உட்கார்ந்திருக்கிற செம்பை அழுக்கோடு பார்த்துவிட்டு எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? அவள் செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

பிறைக் காசு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஏற்கெனவே தேய்ந்திருந்த அம்மன் இன்னும் வழுவழுப்பாக இருந்தாள். பிறை தெளிவாகத் தெரிந்தது.

"எப்புடி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"மூஞ்சியப் பாத்தா அப்புடித் தெரியலையே."

"கண்ணு கூசுது."

அதில் அவளுக்குத் திருப்தி.

வியாழக்கிழமையே சொல்லியனுப்பியிருந்தபடி, ஞாயிற்றுக்கிழமை ஓவர்சியர் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் பாய் போட்டு, பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். முடிச்சை அவிழ்த்தேன். அவர் கையில் எடுத்த பூதக்கண்ணாடியைத் திரும்பப் பாயில் வைத்தார்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான் சார்."

"நீங்களா? உங்ககிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பேன்?"

"தெரியாம..."

"என்னய்யா தெரியாம? ஓட்டை போட்டவன் பிள்ளைக்குப் போட்டான், வெட்டினவன் வயித்துக்கு வெட்டினான். அவங்களுக்கு இதோட அருமை தெரியாது. உங்களுக்குத் தெரியும்!" அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கீழே வைத்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது அவருக்கு. "இத இப்ப யார்கிட்ட காட்டினாலும் நேத்து அடிச்ச கள்ளக் காசும்பான். முப்பது வருஷம், நாப்பது வருஷம் சும்மா கெடந்தா நெறம் திரும்பினாலும் திரும்பும். அதுக்குள்ள நான் எங்கயோ, நீங்க எங்கயோ."

என் வீட்டில் உடம்பு சரியில்லை, திங்கட்கிழமை திருச்சிக்குப் போக வேண்டும், கடனாகவாவது கொடுங்கள். இதுதான் சொல்ல வேண்டியது. வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பழகிக்கொண்டுதான் போயிருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அவர் மோர் கொடுத்தார். குடித்தேன். டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். "வாரேன் சார்" என்றேன். அந்த வார்த்தை மட்டும்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது, "பாத்தாரா?"

"பாத்தாரு."

"என்னா சொன்னாரு?"

"நேத்து அடிச்ச காசு மாதிரி இருக்குன்னாரு."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பின்ன? நாலு தண்ணி மாத்தியில்ல தேச்சேன்."

"பணம் அடுத்த மாசச் சம்பளம் வந்ததும் தர்றாராம்."

"குடுக்கட்டும், குடுக்கட்டும். நல்ல மனுசன்தான. அதுவரைக்கும் பொறுத்துக்கிர மாட்டேனா?"

அவள் பொறுத்துக்கொண்டாள். வலியை எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் வேலைக்குப் போகும்போது வாசலில் வந்து நிற்பாள். அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தேவலை போலிருக்கிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். முதலாளி அறை வாசலுக்கு மட்டும் அடிக்கடி போய்த் திரும்பி வந்தேன். விற்றுவிட்டதாகச் சொன்ன காசுகளை வண்டியில் டிக்கெட் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். மேடுபள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் அவை குலுங்கின.

நாற்பது நாள் போயிற்று. ஒருநாள் காலை அவளால் வாசலுக்கு வர முடியவில்லை. அன்று முதலாளி அறைக்குள் போய், கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அழுதேன் என்று டிரைவர் பிற்பாடு சொன்னார்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "எத்தனை நாளாய்யா இப்புடி?"

சொன்னேன்.

"இதுக்கா ஒரு மாசமா வாசல்ல வந்து வந்து தலையச் சொறிஞ்சுட்டுப் போன? நான் ஏதோ லீவுக்குத்தான்னு நெனைச்சேன். கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?" பெட்டியைத் திறந்து அறுபது ரூபாய் எடுத்துக் கையில் வைத்தார். கார் பேசி அனுப்பினார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஜன்னலோரம் கட்டில் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முதல்நாள் நான் அவள் காலடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"ஓவர்சியரு குடுத்துட்டாராக்கும்?" என்றாள்.

"குடுத்துட்டாரு."

அவள் பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் திரும்பினாள். அவளும் புதுக்கோட்டைப் பக்கத்து அம்மாள்தான். "எங்க வீட்டுக்காரரு பழைய காசு வித்த பணம்க்கா இது. செல்லாத காசு, பிச்சைக்காரன் வாங்க மாட்டான். நாந்தான் ஒரு நாள் முச்சூடும் ஒக்காந்து தேச்சுக் குடுத்தேன். பவுனு மாதிரி ஆயிருச்சு."

"கெட்டிக்காரிதான்" என்றாள் அந்த அம்மாள்.

நான் எழுந்து போய்க் கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். கூஜாவில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

மறுநாள் டாக்டர்கள் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடித் தைத்துவிட்டார்கள். பரவிவிட்டது என்றார் டாக்டர். முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் இருந்தாள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் போய்விட்டாள்.

ஓவர்சியர் மாற்றலாகிப் போய்விட்டார். நார்த்தாமலை விலக்கில் சில்லறைக்கார அம்மாள் சில நாள் முடிச்சோடு காத்திருந்தாள். நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஒருநாள் அவளே வந்து ஜன்னலில் கை வைத்து, "கேள்விப்பட்டேன்யா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் பேரம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது சமஸ்தானமும் இல்லை. அம்மன் காசு நல்லதானாலும் கெட்டதானாலும் ஒன்றுதான், எதுவும் செல்லாது. என் காசுகள் பழைய பிஸ்கோத்து டப்பாவில் மறுபடியும் பரணில் இருக்கின்றன. முப்பது வருஷம் ஆகும் என்று ஓவர்சியர் சொன்னது தவறு. முதல் மழைக்காலத்திலேயே அந்தப் பளபளப்பு மங்கிவிட்டது. அப்புறம் இளஞ்சிவப்பாகி, பிறகு செங்கல் நிறமாகி, இப்போது வறுத்த கடலைத் தோல் நிறத்துக்கு வந்திருக்கின்றன. துளையின் உள்விளிம்பிலும் பிறையின் வளைவிலும் மட்டும் அவள் தேய்த்த வெளிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில வருஷம் போனால் வாங்குகிறவர்கள் வாங்குவார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நெல்லிக்காய் அளவு புளியை எடுத்துக் கிண்ணத்தில் ஊறப்போட்டேன். உப்பும் எடுத்து வைத்தேன். துணியை விரித்து, வளைந்திருந்த பிறைக் காசைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் தேய்த்தால் அது நான் தேய்த்ததாகத்தான் இருக்கும் என்று அப்போது தோன்றியது.

காசைத் துணியில் திரும்ப முடிந்தேன். அந்தப் புளியில்தான் அன்றைக்கு ரசம் வைத்தேன்.